நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்

தீத்தா மகளுக்கு,

போனைப் பட்டென்று வைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை நீ வைத்த பிறகும் நான் கால் மணி நேரம் திட்டிக்கொண்டுதான் இருந்தேன், உன் அம்மா வந்து போனைப் பிடுங்கி, அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று காட்டிய பிறகுதான் நிறுத்தினேன். மீதியை இதில் எழுதுகிறேன். கடிதத்தையும் நடுவில் வைத்துவிட உன்னால் முடியும், ஆனால் அது எனக்குத் தெரியப் போவதில்லை, அதனால் நான் பாட்டுக்கு எழுதுவேன். சண்டை இருந்தாலும் சுகம் விசாரிக்காமல் ஆரம்பித்தால் அம்மா இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவாள். இங்கே தீவில், ஹுமாதக்கில் நான், அவள், சேவல் மூன்று, எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருமுன் கத்துகிறது. அங்கே கடலுக்கு அப்பால் தக்கோமாவில் உன் தலைவலி எப்படி இருக்கிறது, வலது காதில் அந்த ரீங்காரம் குறைந்ததா, மீன் கிடங்கில் குளிருக்கு ஒழுங்காகத் தொப்பி போடுகிறாயா? போட மாட்டாய், என் மகள்தானே.

நீ போனில் இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவது, டிஸ்சார்ஜ் பேப்பர் எப்படி இருந்தால் என்ன, பதினைந்து வருஷம் அதோடு வாழ்ந்தாயிற்று, விட்டுவிடுங்கள் என்றாய். விட மாட்டேன். சாலைக்கு அடியில் இருந்த குண்டு உன் லாரியைத் தூக்கிப் போட்டது, இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாய், அதற்குப் பிறகுதான் தலைவலி, தூக்கமின்மை, கதவு சாத்தினால் தரையில் படுத்துக்கொள்வது எல்லாம். அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது? படையில் சேரும் முன்பே இருந்த மனக்கோளாறு என்று. முழு கௌரவத்துடன் அனுப்புகிறோம் என்று போட வேண்டிய இடத்தில் ஒரு படி கீழே இறக்கி, பொது என்று போட்டிருக்கிறது. பொதுவாம், பேருந்து நிலையத்துக் கழிப்பறைக்குப் போடுவது போல. முன்பே இருந்த நோய் என்று எழுதிவிட்டதால் உன் தலைவலிக்கு அவர்கள் பொறுப்பில்லை. இதைத் திருத்தச் சொல்லி மனுப் போடப் பதினைந்து வருஷம் கெடு, அது நவம்பர் பத்தொன்பதோடு முடிகிறது, அப்புறம் வேறு வாசல், அந்த வாசலில் வரிசை இன்னும் நீளம். இரண்டாவதாக நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் நிற்கிறது. “வீட்டுல யாரோ என்னைப் பத்தி அவங்ககிட்ட சொல்லியிருக்காங்கப்பா. குடும்பமே உறுதி சொல்லுதுன்னு அந்த ஆர்மி டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னார். அது யாருன்னு தெரியாம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்.” இதற்குத்தான் இந்தக் கடிதம். யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். அவசரப்பட்டு கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதில் ஜெபமாலையில் நீ அப்படித்தான் மணி தாவுவாய்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே, நீ முதன்முதலில் இதைச் சொன்ன நாளிலிருந்து பதினைந்து வருஷமாக நான் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன், வேறு வேலை என்ன எனக்கு. முதலில் உன் ஆறாம் வகுப்பு கன்னியாஸ்திரி, நீ ஈரப்பலாக்காயால் ஒரு பையன் மண்டையை உடைத்தாயே, அதை மறக்காதவர். அவர் நீ சேர்வதற்கு முந்தின வருஷமே செத்துப்போனார் என்று அம்மா ஞாபகப்படுத்தினாள், அதனால் அவரை விட்டேன், முழுதாக விடவில்லை. அப்புறம் உன் சித்தப்பா ஃபெலிஸ். என் சித்தி மகன்தான், கூடப் பிறந்தவன் போல வளர்ந்தவன்தான், ஆனால் இருபது வருஷம் ராணுவத்தில் சாமான் அறையில் இருந்தவன், இன்னும் அந்தத் தொப்பியைக் கழற்றாமல் திரிபவன். மேலிடத்தில் ஆள் தெரிந்தவன் வேறு யார் நம் குடும்பத்தில்? உன் பேப்பர் வந்த வாரம் எல்லோரும் வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றான். அதுவே போதும் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊர்த் திருவிழாவுக்கும் அவன் வீட்டுப் பந்தியில் நான் உட்காரவில்லை. ஊரே உட்கார்ந்தது, அவன் அண்ணன் உட்காரவில்லை, அது எத்தனை பெரிய அவமானம் என்று உனக்கே தெரியும். அவன் விடாமல் ஒவ்வொரு வருஷமும் தட்டு கொடுத்தனுப்புவான், அம்மா வாங்கிக்கொள்வாள், சிவப்புச் சோற்றை நான் சேவலுக்குப் போட்டுவிடுவேன். சேவல் நன்றாகக் கொழுத்தது, சண்டைக்குத்தான் உதவவில்லை.

இப்போது எவெலின் நபுத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேயர் அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து பழைய படைவீரர்களுக்கு மனு எழுதித் தருகிறாளே அந்தப் பெண், தானும் சார்ஜென்டாக இருந்தவள், சிரிக்கவே மாட்டாள். ஒரு பைசா வாங்குவதில்லை. எதுவும் வாங்காத மனுஷி எதற்காக இத்தனை பாடுபடுகிறாள் என்று எனக்கு முதல் நாளே உறுத்தியது. மூன்றாவது தடவை போனபோது நான் கொண்டுபோன பாக்கில் இரண்டே இரண்டு எடுத்தாள், அதையும் புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து எடுத்தாள். அவளும் என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அம்மாவின் தொல்லை தாங்காமல் போன வருஷம் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினாயே, உன் ஃபைலைக் கேட்டு, அது இந்த ஜூலையில்தான் எவெலினிடம் வந்து சேர்ந்தது. பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. நான்தான் பிரிச்சேன் என்றாள். அதையும் நான் உடனே நம்பவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்க் கட்டைவிரலை நக்கி நக்கி எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் என்று மேலே போட்டிருக்கிறது, என் கணக்கில் ஒன்று குறைகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எண்ணத் தெரியும். மறுபடி எண்ணினேன், அம்மாவை எண்ணச் சொன்னேன். நூற்று நாற்பதுக்கு அப்புறம் நூற்று நாற்பத்திரண்டு.

ராணுவம் மறைத்துவிட்டது என்றுதான் முதலில் பாய்ந்தேன். அப்புறம் தபால்காரன் மேல் திரும்பினேன், அவன் என்னைப் பார்த்துக் கை அசைத்த விதம் சரியில்லை. கடைசியில் நேராக எவெலின் முன்னால் போய் நின்று, நடுப் பக்கத்தை எடுத்து யாருக்குக் கொடுத்தாய், ஃபெலிசுக்குத்தானே என்று கேட்டேன். வெளியே வரி கட்ட வந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி கேட்டேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்து, போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “நீங்க பார்க்காமலே இதை முடிச்சுடலாம்னுதான் எடுத்து வச்சேன் துன் கொரியோ. படிங்க. சத்தமா படிங்க” என்றாள். பெரியவர்களுக்குப் போடும் துன் மட்டும் அப்போதும் மாறவில்லை.

எனக்கு அவர்கள் எழுத்தைப் படிக்க நேரம் ஆகும், நீ அறிவாய். டாக்டர் கேப்டன் ஒருவர் எழுதிய குறிப்பு. இந்தச் சிப்பாய் ஏழு வயதிலிருந்தே இல்லாத உருவங்களைக் கண்டிருக்கிறாள், தலையில்லாத ஒரு மனிதன் பின்பக்கமாக நடப்பதைப் பார்த்துப் பேசியிருக்கிறாள், உள்ளூர் வைத்தியரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறாள், மறுபடியும் வந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி. தகவல் தந்தவர், தந்தை, தொலைபேசியில். நான் தந்தை என்பது வரைக்கும் படித்துவிட்டு, யாருடைய தந்தை என்று கேட்டேன் மகளே. உண்மையாகவே கேட்டேன். எவெலின் தாளின் மேலே உன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் சாப்பாடு, வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தென்னங்கள்ளோடு உட்கார்ந்திருந்தோம், போன் வந்தது. ஜெர்மனி ஆஸ்பத்திரியிலிருந்து கேப்டன் பேசுகிறேன் என்றார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்னை சார் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை, ஒரு கேப்டன் என்னை சார் என்கிறான் என்று எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். நீ பிழைத்துக்கொண்டாய் என்று முந்தின வாரமே தகவல் வந்திருந்தது, சந்தோஷத்தில் இருந்தேன், உன்னைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். சின்ன வயதில் எப்படி என்று கேட்டார், ராட்சசி என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள், கேட்டாள் என்று எப்போதாவது உண்டா என்றார். நம் ஊர்க்காரனிடம் அப்படிக் கேட்டால் வேறு எதைச் சொல்வான்? நீ எலுமிச்சை பறிக்க ஆலமரத்தைத் தாண்டிப் போனது, காட்டுப் பெரியவர்களிடம், அங்கே குடியிருக்கும் முன்னோர் ஆவிகளிடம், அனுமதி கேட்காமல் போனது, கால் பூசணி போல வீங்கியது, வைத்தியக் கிழவி எண்ணெய் தடவி மூன்று நாளில் இறக்கியது, எல்லாம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கேட்டவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு நாக்கு நீண்டது. தலையில்லாத ஆளை நான் சேர்த்தேன். பின்பக்கமாக நடக்க வைத்ததும் நான்தான். அவனோடு நீ பேசினாய், இப்போதும் லீவில் வந்தால் அந்த மரத்தடியில் நின்று அவனைத் திட்டுவாய் என்று முடித்தேன். வாசலே குலுங்கியது. கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை, லைன் சரியில்லை போல என்று நினைத்தேன். ரொம்ப உதவியா இருந்தது சார் என்றார். அந்த சாருக்காக ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன், அப்புறம் அடியோடு மறந்துபோனேன்.

நீ கேட்ட பெயர் இதுதான் தீத்தா. உன்னைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை, உன் அப்பன் கதை சொன்னான், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நீ ஏழு வயதில் பார்த்ததெல்லாம் உன் வீங்கிய காலை மட்டும்தான், வேறு எதைப் பார்த்தேன் என்றும் நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

இது தெரிந்த அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஃபெலிஸ் வீட்டுக்குப் போனேன். பதினைந்து வருஷம் கழித்து அந்தப் படியேறினேன். அவன் அடுப்படியில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தான், தொப்பியோடுதான். உட்காரச் சொன்னான், உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அந்தப் பிறந்தநாளில் நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டான். “உங்க பக்கத்துலதான் அண்ணே. ஆர்மிக்காரன்கிட்ட கதை சொல்லாதீங்க, எழுதிக்குவான்னு உங்க தொடையைக் கூட கிள்ளினேன். நீங்க என் கையைத் தட்டிவிட்டீங்க” என்றான். அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன், என் வாய் அந்த நேரத்திலும் அடங்கவில்லை பார். அவன் சொன்னான், “பாதி மனசுல நீங்க என்னைச் சந்தேகப்பட்டீங்க. நான் சொல்லியிருந்தா முழு மனசா சந்தேகப்பட்டிருப்பீங்க. அதுவும் இல்லாம, பெத்த அப்பன்தான்னு தெரிஞ்சா தீத்தா இந்தத் தீவுப் பக்கமே வர மாட்டா. நான் சித்தப்பாதானே, என்னை வெறுத்துட்டுப் போகட்டும்.” சோறு போட்டான், சாப்பிட்டேன். சேவல் ஏன் அப்படிக் கொழுத்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவன்தான் வழியும் சொன்னான். உன்னைத் தெரிந்தவர்கள் எழுதித் தரும் வாக்குமூலம் மனுவுக்கு வேண்டும் என்று எவெலின் சொல்லிக்கொண்டே இருந்தாள், உன்னைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது, அவங்கவங்களைப் பற்றியும் எழுதச் சொல்லலாம் என்றான். முதல் தாள் அவனுடையது. பத்து வயதில் ஆலமரத்தடியில் கேட்காமல் ஒன்றுக்குப் போனேன், இரண்டு நாள் வாய் கோணிக்கொண்டது, காட்டுப் பெரியவர்கள் கிள்ளிவிட்டார்கள் என்று என் தாய் சொன்னாள், வைத்தியக் கிழவி சரி செய்தாள், அதற்குப் பிறகு ராணுவம் என்னை இருபது வருஷம் வைத்திருந்து முழு கௌரவத்துடன் அனுப்பியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் டிஸ்சார்ஜ் பேப்பரின் நகலையும் வைத்தான். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். இந்த ஊரில் படைக்குப் போகாத வீடு ஏது, பெரியவர்கள் கிள்ளாத குழந்தைதான் ஏது. எட்டு நாளில் ஒன்பது பேர், ஒருத்தருக்குக் கழுத்து, ஒருத்தருக்குக் காது, ஒருத்தருக்குச் சொல்ல முடியாத இடம், அவர் அதைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். ஒன்பது பேருக்கும் முழு கௌரவம். ஒன்பதாவது யார் தெரியுமா, எவெலின். பன்னிரண்டு வயதில் தொடையில் நீலக் கடித் தடம் என்று சிரிக்காமல் எழுதி அதே முகத்தோடு முத்திரை குத்தினாள். “ஊருக்கே ஒரு கோளாறு இருந்தா அதுக்குப் பேரு கோளாறு இல்ல, வழக்கம். அதை அவங்களுக்கு நான் எழுதிக்கிறேன்” என்றாள். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று இருந்தது, ஆனால் அவள் ஒட்டித் தரும் அந்த மஞ்சள் துண்டுக் காகிதங்களை மட்டும் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை, எல்லா இடத்திலும் என் பெயருக்கு நேராகவே ஒட்டுகிறாள்.

என்னுடைய வாக்குமூலம்தான் கடைசி. நான் நான்கு தடவை எழுதினேன், மூன்றில் வேடிக்கை வந்துவிட்டது, மூன்றையும் அவள் என் கண் முன்னால் கிழித்தாள். சத்தியம் செய்து எழுதுகிறேன் என்று கீழே ஒரு வரி இருக்கிறது. அன்றைக்குச் சொன்னது பொய் என்று இன்றைக்குச் சொன்னால், இதை மட்டும் எப்படி நம்புவார்கள், என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். எழுபத்தெட்டு வயசுக்கு அங்கே மென்மையான சோறாகத்தான் போடுவார்கள் என்றாள். அவளுக்கும் வேடிக்கை வரும் போலிருக்கிறது. நாலாவது தாளில் இருப்பது இவ்வளவுதான், எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். என் மகள் சின்ன வயதில் யாரையும் பார்க்கவில்லை. தலையில்லாத மனிதனை நண்பர்கள் சிரிப்பதற்காக நான் சேர்த்துச் சொன்னேன். நான் அவளை உங்களிடம் அனுப்பியபோது அவள் ராத்திரி முழுக்கத் தூங்குவாள்.

இதை எழுத எழுத நான் அம்மாவுக்கு வாசித்துக்கொண்டே வந்தேன், அவள் எதிரில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது தெரியாது, அந்த போன் வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள், ஆகஸ்ட் முழுக்க நான் அவளிடமும் சொல்லவில்லை, ஃபெலிசும் நானும் சேர்ந்து திரிவதைப் பார்த்து ஏதோ சேவல் வியாபாரம் என்று சந்தேகப்பட்டாள். பிறந்தநாள் போன் வந்த இடத்தில் துருவும் சத்தம் நின்றது. அவன் என் தொடையைக் கிள்ளிய இடம் வந்தபோது எழுந்தாள். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது, உட்கார் என்றேன். கையைக் கூடக் கழுவவில்லை, செருப்பும் போடவில்லை, படியிறங்கிப் போய்விட்டாள். கடல் பக்கமாகவும் போகலாம், மாதா கோயில் பக்கமாகவும் போகலாம், ஃபெலிஸ் வீட்டுப் பக்கமாகவும் போகலாம், சாலை வளைவு வரைக்கும்தான் இங்கிருந்து தெரியும். திரும்பி வந்து என்ன சொல்வாளோ, அதனால் அவள் வருவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.

உள்ளே மனு இருக்கிறது, மூன்று மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிறது, மூன்று இடத்திலும் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டு, கூட வைத்திருக்கும் உறையிலேயே எவெலினுக்கு அனுப்பு. நவம்பர் பத்தொன்பது, மறக்காதே, இங்கிருந்து தபால் ஊர்ந்துதான் போகும், திரும்பியும் ஊர்ந்துதான் வரும். நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தின் நகலும் இருக்கிறது, நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே படித்துப் பார். கையெழுத்துக்கு முன் பெயர் வேண்டும் என்றாய், பெயர் கொடுத்துவிட்டேன், இனி நீ வாக்குத் தவறக் கூடாது. இந்தக் கையெழுத்து உன் தலைவலிக்காக, உன் பெயருக்காக. என்னை மன்னிப்பது வேறு தாள், அதற்குக் கெடு கிடையாது, எவெலினிடம் அதற்கு மனுவும் கிடையாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். சித்தப்பாவுக்கு மட்டும் உடனே ஒரு போன் போடு. மாதா உன் தலையில் கை வைத்துக் காக்கட்டும், குளிர் உன் காதில் ஏறாமல் இருக்கட்டும், ராத்திரி உனக்குத் தூக்கம் வரட்டும். என்றைக்காவது நீ இந்தப் படியேறினால், வழக்கம் போல என் கையைத் தூக்கி உன் மூக்கில் வைத்து ஆசீர்வாதம் கேட்க வேண்டாம். நான் எழுந்து வந்து உன் கையை முகர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தகவல் தந்தவர், தந்தை,
கொரியோ